தொழிலும் சுதர்மமும்

மேல்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்துவிட்டால், மருத்துவமா, பொறியியலா, கலைக் கல்லூரியா, பாலிடெக்னிக்கா, தொழிற்பயிற்சி நிலையமா என்று நம் இல்லங்களில் நடைபெறும் விவாதத்தில், எந்தப் படிப்புக்கு எவ்வளவு சம்பளம், எந்தப் பட்டத்துக்கு எவ்வளவு கௌரவம் என்பதே பெரும்பாலும் பேச்சாயிருக்கிறது. வறுமைப்பட்ட குடும்பம் ஊதியத்தை எண்ணிப் பார்ப்பது குற்றமன்று. ஆயினும் அவ்விவாதத்தின் அடியில், நம் முன்னோர் சுதர்மம் என்று பெயரிட்டு விசாரித்த ஆதி வினா மறைந்து கிடக்கிறது: இவ்வுலகில் நான் செய்யத்தக்க காரியம் யாது?

மகாபாரதத்தின் வனபர்வத்தில் இதற்கு ஒரு கதை உண்டு. தன்மீது எச்சமிட்ட கொக்கைச் சினந்து நோக்கியே வீழ்த்திய கௌசிகன் என்னும் தபஸ்வி, பிக்ஷைக்குச் சென்ற வீட்டில், கணவனுக்குப் பணிவிடை செய்து முடித்த பின்னரே அன்னமிட வந்த இல்லத்தரசியிடம் கோபங்கொள்ள, அவளோ சிறிதும் அஞ்சாது, தர்மத்தின் நுட்பத்தை அறிய மிதிலைக்குச் செல்லும்படி அவனைப் பணிக்கிறாள். அங்கே, வாங்குவோர் கூட்டத்துக்கு அப்பால் ஒதுங்கி நின்ற அவ்வந்தணனை எழுந்து வந்து வணங்கி, பின்பு அவனுக்கே தர்மோபதேசம் செய்தவன், இறைச்சிக் கடையில் அமர்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்த தர்மவியாதன். எந்தத் தொழிலும் ஞானத்துக்குத் தடையன்று என்பதே இக்கதையின் சாரம்.

ஆனால் அவ்வியாதன் செய்தது தன் மூதாதையர் தொழில். கதையின் அந்தப் பகுதியை நம் காலம் ஏற்கவில்லை; ஏற்காததும் சரியே. 1953-ஆம் ஆண்டு ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று வகுத்தபோது, குலக்கல்வி என்று அதனை எதிர்த்தெழுந்த குரலில் பெரும் நியாயம் இருந்தது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. பிறப்பைக் கொண்டு தொழிலை விதிப்பது தர்மமாகாது. எனினும், குயவர் மகன் வைத்தியனாகும் சுதந்திரத்தைப் போற்றும் நாம், வைத்தியர் மகன் விரும்பித் தச்சனாகும் சுதந்திரத்தை இன்னும் சகிக்கவில்லை. ஜாதியின் ஏணியை அகற்றப் புறப்பட்டவர்கள் அதனருகிலேயே மதிப்பெண்ணின் ஏணியை நட்டுவிட்டோம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த மாணவன் ஆரம்ப நாட்களில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவிச் சமன்செய்து, அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறான். இடையே மயிரிழை ஒளி கசிந்தாலும் மீண்டும் ராவவேண்டியதுதான். இரும்பிடம் சிபாரிசும் செல்லாது, சமாதானமும் செல்லாது. கையினால் பழகும் இந்தச் சத்தியம் ஏட்டினால் பெறும் சத்தியத்துக்கு எவ்வகையில் தாழ்ந்தது? அவ்வாறு ஈராண்டு பயின்றவன் பாலிடெக்னிக்கிலும், அங்கே பட்டயம் பெற்றவன் பொறியியற் கல்லூரியிலும் நேரே இரண்டாம் ஆண்டில் சேர இன்று வழியுண்டு. ஆகவே பதினேழு வயதில் எடுக்கும் முடிவு ஆயுள் முழுவதையும் கட்டிப்போடும் விலங்காக வேண்டியதில்லை.

எந்த வேலையில் ஈடுபடும்போது மனம் பலனை மறந்து அவ்வேலையிலேயே லயிக்கிறதோ, எந்த வேலை பிறர்க்குத் தீங்கின்றிப் பயன் தருகிறதோ, எதற்கான சக்தி நம்மிடம் இருக்கிறதோ, இம்மூன்றும் கூடுமிடமே சுதர்மம். அதனை மாணவன் தானே தேடிக் காணவேண்டும்; பிறர் அவனுக்காகக் கண்டு தர இயலாது. ஆதலின் பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குப் படிப்பைத் தேர்ந்தெடுக்கு முன், அவன் மனம் எதில் லயிக்கிறது என்று அவனிடமே கேளுங்கள்; அவன் சொல்லும் விடை ஊரார் மெச்சும் விடையாக இல்லாவிடினும், அதற்குச் செவிசாயுங்கள்.