81 புள்ளிக்கும் ஒரே தலையா?

2017 பிப்ரவரி 27. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் கால்பந்து மைதானம். லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தின் 65ஆவது நிமிடத்தில் ரசிகர்கள் செல்போன் விளக்குகளை உயர்த்திப் பிடித்தார்கள். பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரிக்கு அப்போது வயது 65. நான்கு நாட்களுக்கு முன்புதான் லெஸ்டர் சிட்டி நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 132 ஆண்டு வரலாற்றில் முதல் முறையாக, அந்த அணியை இங்கிலாந்தின் சாம்பியனாக்கியவர் அவர். நன்றிகெட்ட முதலாளிகள், முதுகில் குத்திய வீரர்கள் என்று ஊரே கொதித்தது.

விளக்குகள் உயர்ந்தபோது லெஸ்டர் 3-0 என்று முன்னிலையில் இருந்தது. அதில் இரண்டு கோல் ஜேமி வார்டி அடித்தவை. மார்ச்சில் இங்கிலாந்து அணியின் முகாமில் இருந்த வார்டி நிருபர்களிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்திருந்தன. பின் இருக்கையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர் மனைவி கார் ஓட்டிப் போகும்போது, சாலையில் குறுக்கே வந்து நெருக்கியிருக்கிறார்கள். வீரர்கள் முதலாளியிடம் பேசித்தான் ரனியேரியைத் துரத்தினார்கள் என்று பரவிய செய்தியே இதற்கெல்லாம் காரணம். அந்தச் செய்தி பொய் என்று வார்டி மறுத்தார். கோபத்தில் இருந்தவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

விளக்குப் பிடித்தவர்கள் எல்லாரும் மிரட்டியவர்கள் அல்லர். பெரும்பாலோர் நல்ல மனத்தோடு ஒரு நல்ல மனிதருக்காக வருந்தியவர்கள். ஆனாலும் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு மனிதரைத் தெய்வமாக்கிவிட்டால், அவர் வீழ்ந்ததற்கு ஒரு பாவியைத் தேடியே ஆக வேண்டும். அந்தப் பாவி யார் என்று முடிவாகிவிட்டால், அவன் குழந்தைகள் இருக்கும் காரையும் யாரோ ஒருவன் விரட்டத்தான் செய்வான். இந்தப் பாதை எங்கே தொடங்குகிறது?

ரனியேரி வந்த கதையிலிருந்தே பார்ப்போம். அவருக்கு முன்பு லெஸ்டரில் இருந்தவர் நைஜல் பியர்சன். 2013-14இல் இரண்டாம் பிரிவில் 102 புள்ளிகள் எடுத்து அணியை மேலே கொண்டுவந்தவர். அடுத்த பருவத்தில் அணி கிறிஸ்துமஸ் சமயத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி 9 ஆட்டங்களில் 7 வெற்றி பெற்று 14ஆம் இடத்தில் முடித்து, கீழ்ப் பிரிவுக்குப் போகாமல் தப்பியது. அந்த வெற்றிக்குப் பிறகு ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகியிருந்தது. 2015 ஜூன் 30 அன்று பியர்சன் நீக்கப்பட்டார். ஜூலையில் ரனியேரி வந்தார். ஃபாரோ தீவுகளிடம் சொந்த மண்ணிலேயே தோற்றதற்காக கிரீஸ் தேசிய அணி விரட்டிய மனிதர் அவர். லெஸ்டரில் பிறந்து அந்த அணிக்கே ஆடிய கேரி லினெக்கர் வெளிப்படையாகவே முகம் சுளித்தார்.

வெற்றி தேடித் தந்தவரை அனுப்பக் கூடாது என்பது 2017இன் நியாயம். அந்த நியாயம் 2015இல் செல்லுபடியாகியிருந்தால் பியர்சன் அங்கேயே இருந்திருப்பார், ரனியேரி லெஸ்டருக்கே வந்திருக்க மாட்டார். ரசிகர்கள் கண்ணீர் விட்டுப் போற்றிய அந்த ஆண்டு, அவர்கள் எதைப் பாவம் என்றார்களோ அதே செயலில்தான் பிறந்தது. பியர்சனுக்குச் செய்தது தர்மம், ரனியேரிக்குச் செய்தது துரோகம் என்றால், இரண்டையும் அளந்தது முடிவை வைத்துத்தான்.

ரனியேரியின் முதல் பருவத்தின் தொடக்கத்தில் பந்தயக்காரர்கள் லெஸ்டர் சாம்பியனாகும் வாய்ப்புக்கு வைத்த விலை 5000-க்கு 1. நடக்காதது நடந்துவிட்டால் மனித மனம் காரணம் தேடிப் பறக்கும். லெஸ்டரில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. 2012இல் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். 2015 மார்ச் 26 அன்று நகரின் தேவாலயத்தில் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அடுத்த மாதமே அணி ஜெயிக்கத் தொடங்கியது, ஆகவே மன்னரின் அருள் என்றார்கள். அணியின் அப்போதைய உரிமையாளர் தாய்லாந்துக்காரர், விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா. பாங்காக்கின் வாட் டிரைமித் பொன் புத்தர் கோயிலிலிருந்து பிக்குகளை வரவழைத்து மைதானத்துக்கும் வீரர்களுக்கும் ஆசி வழங்கவைத்தார். கோப்பை வந்ததும் அந்த ஆசிக்கும் புகழ் வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நாம் இதைச் சட்டென்று ஒதுக்கிவிடுவோம். மன்னரின் எலும்புகள் அதே தேவாலயத்தில்தான் இன்றும் இருக்கின்றன. அணியோ 2023இல் கீழ்ப் பிரிவுக்குப் போய்விட்டது.

சரி, எலும்பையும் ஆசியையும் தள்ளிவிட்டோம். காரணம் என்ற அதே நாற்காலியில் ரனியேரியைக் கொண்டுவந்து உட்காரவைக்கும்போது மட்டும் நம் பகுத்தறிவு ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது?

சாம்பியன் பட்டம் தந்த அந்த 81 புள்ளிகளை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வார்டி 2012இல் ஃபிளீட்வுட் டவுன் என்ற சிறிய அணியிலிருந்து 10 லட்சம் பவுண்டுக்கு வந்தவர். ரியாத் மஹ்ரெஸ் 2014இல் பிரான்சின் லே ஹாவ்ரிலிருந்து சுமார் நாலரை லட்சத்துக்கு வந்தவர். காண்டே 2015இல் கான் அணியிலிருந்து சுமார் 56 லட்சத்துக்கு வந்தவர். இவர்களைக் கண்டெடுத்த பெருமை ஆள் தேடும் பிரிவை நடத்திய ஸ்டீவ் வால்ஷுக்குப் போக வேண்டியது. காண்டே மிகச் சிறிய உருவமாக இருக்கிறாரே என்று ரனியேரி தயங்க, விடாமல் வற்புறுத்தியவரும் வால்ஷ்தான். அந்த ஆண்டு அணிக்கு ஐரோப்பியப் போட்டிகள் இல்லை, ஆகவே வார நடுவில் ஓய்வு கிடைத்தது. காயங்கள் குறைவு, பதினொருவரில் மாற்றங்களும் குறைவு. பெரிய அணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தடுமாறின. முந்தைய சாம்பியன் செல்சி 10ஆம் இடத்துக்குச் சரிந்தது.

ரனியேரிக்கும் இதில் பங்கு உண்டு. பியர்சனின் உதவியாளர்களை அப்படியே வைத்துக்கொண்டார். வீரர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தார். கோல் வாங்காமல் ஒரு ஆட்டம் முடித்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி கூட்டிப் போனார். நன்றாக ஓடும் ஒன்றைத் தன் பெருமைக்காகக் கலைத்துப் போடாத பயிற்சியாளர்கள் மிகக் குறைவு. அதற்காக அவரை மனமார மதிக்கிறேன். ஆனால் அது ஒரு பங்குதான்.

2016 கோடையில் காண்டே சுமார் 3.2 கோடி பவுண்டுக்குச் செல்சிக்குப் போனார். அடுத்த ஆண்டு சாம்பியன் செல்சி. வால்ஷ் எவர்ட்டனுக்குப் போனார். அவருக்காக எந்த நிமிடத்தில் எத்தனை விளக்குகள் எரிந்தன? பழைய அணி, கூடுதலாகச் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள், லெஸ்டர் எப்படி ஆடும் என்று இப்போது தெரிந்துகொண்ட எதிரணிகள். பிப்ரவரியில் 25 ஆட்டங்களில் 21 புள்ளி. 2017 பிறந்த பிறகு லீகில் ஒரு கோல்கூட இல்லை. கீழ்ப் பிரிவுக்கும் அணிக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி.

இப்போது முதலாளி என்ன செய்தார்? ரசிகர்கள் கற்றுக்கொடுத்த கணக்கையே போட்டார். 81 புள்ளியையும் ஒரே தலையில் கிரீடமாகச் சூட்டினீர்கள் அல்லவா? அந்த 21 புள்ளியையும் அவர் அதே தலையில்தான் இறக்கினார். ரனியேரியைக் கடவுளாக்கியவர்களும் அவரை நீக்கியவர்களும் எதிரெதிர் முகாம்கள் போலத் தெரிகிறார்கள். இருவரும் நம்புவது ஒன்றைத்தான்: ஓர் அணியின் விதி ஒரு மனிதனின் கையில் இருக்கிறது என்பதை.

நீக்கியதால்தானே அணி பிழைத்தது என்று கேட்பீர்கள். உதவியாளராக இருந்து பொறுப்பேற்ற கிரெய்க் ஷேக்ஸ்பியர் முதல் ஐந்து லீக் ஆட்டங்களிலும் வென்றார். சாம்பியன்ஸ் லீகில் செவியாவைத் தாண்டி அணி காலிறுதிக்குப் போனது. ரசிகர்கள் இதையும் சாட்சியாக எடுத்தார்கள்: பாருங்கள், வேண்டுமென்றேதான் இத்தனை நாள் ஆடாமல் இருந்திருக்கிறார்கள்! ஆனால் நெதர்லாந்தின் லீகில் 1986 முதல் 2004 வரையிலான பயிற்சியாளர் மாற்றங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். சரிவின்போது பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும், அதே மாதிரிச் சரிவில் மாற்றாமல் பொறுத்துக்கொண்ட அணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே மாதிரி மீண்டிருந்தன. அடியில் கிடக்கும் அணி தன் வழக்கமான நிலைக்குத் திரும்பும்; அந்த நேரத்தில் நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவருக்குப் புகழ். ஷேக்ஸ்பியருக்கு ஜூனில் நிரந்தரப் பதவி கொடுத்தார்கள், அக்டோபர் 17 அன்று அவரையும் நீக்கினார்கள்.

2015 முதல் 2019 வரை லெஸ்டர் லீகில் முடித்த இடங்கள்: 14, 1, 12, 9, 9. இந்த வரிசையில் எது விதிவிலக்கு என்று ஒரு பள்ளிப் பிள்ளைகூடக் காட்டிவிடும். அந்த ஒன்றாம் இடம் வந்ததற்காக மகிழ்ந்து கொண்டாடலாம். அது போனதற்குக் குற்றவாளி தேவையில்லை.

நன்றி என்னவாயிற்று என்ற கேள்விக்கும் பதில் சொல்கிறேன். நாற்காலி நன்றிக் காணிக்கை அல்ல. ஓர் அறுவை மருத்துவர் நேற்று பல உயிரைக் காத்தார் என்பதற்காக, இன்று கை நடுங்கும்போதும் கத்தியைக் கொடுக்க மாட்டோம். ரனியேரிக்கு லெஸ்டர் பட்ட கடன் வேறு: உண்மை, மரியாதை, ஒப்பந்தப்படி பணம். அந்தக் கடனில்தான் நிர்வாகம் தவறியது. 2016 ஆகஸ்டில் நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். 2017 பிப்ரவரி 7 அன்று, அவருக்கு அசையாத ஆதரவு உண்டு என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். 16 நாளில் வெளியேற்றினார்கள். இந்தப் பொய்தான் வெட்கக்கேடு. ரசிகர்கள் கோபப்பட்டிருக்க வேண்டிய இடம் இது. நீக்கியதற்காக அல்ல, பொய் சொன்னதற்காகக் கேள்வி கேட்டிருந்தால் முதலாளி பதில் சொல்லியிருக்க வேண்டும். பாவியைத் தேடிப் போனதால் வார்டியின் மனைவிதான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நீங்கள் எந்த விளையாட்டின் ரசிகராகவும் இருக்கலாம். உங்கள் அணி நாளை வெற்றிப் பயிற்சியாளர் ஒருவரை அனுப்பும். அனுப்பாத அணி உலகில் இல்லை. அன்றைக்கு யாரையாவது திட்ட வாய் திறக்கும் முன், கடந்த ஓராண்டில் எந்த வீரர் விற்கப்பட்டார், யார் காயத்தில் படுத்தார், ஆள் தேடும் பிரிவில் யார் விலகினார், நிர்வாகம் கடைசியாக விட்ட அறிக்கையில் என்ன சொன்னது என்று எடுத்துப் படியுங்கள். படித்த பிறகும் கோபம் மிச்சமிருந்தால், பெயர் போட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். வீரர்களின் வீட்டை விட்டுவிடுங்கள்.