வலி நின்றால் சுகமாகிவிட்டதா?



பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிற நம் சபை மூப்பர் ஒருவர் பல்வலியால் துடித்தார். பாடு முறை போய்விடுமே என்று கிராம்பு எண்ணெயோடு நாளைக் கடத்தினார். திடீரென வலி நின்றது. சாட்சியும் சொன்னார். நாலாம் நாள் கன்னம் வீங்கிவிட்டது!

பொன்னேரிவரை பஸ், பிறகு மின்சார ரயில் என்று சென்னைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சொன்னார்: "நரம்பு செத்ததால வலி நின்னுச்சு. சீழ் வேருக்கடியில இருக்கு." அன்று மாத்திரை மட்டுமே. "பாடும் போச்சு, பல்லும் போகல, பாஸ்டர்!" என்று முணுமுணுத்தார். மறுவாரம் ஊசிக்குப் பயந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பிடுங்கினது தெரியவே இல்லை!

பிரியமானவர்களே, மனச்சாட்சியும் இப்படித்தான். தம்பியோடு பாடு தகராறு; பேச்சு இல்லை. முதலில் குத்தியது, இப்போது குத்தவில்லை. அது சமாதானமா? நரம்பு செத்துப்போனதா? வலி கர்த்தர் வைத்த காவல்காரன். அவன் வாயை அடைக்காதே!

டாக்டரிடம் போவது அவிசுவாசம் அல்ல. பவுலோடு இருந்த லூக்காவும் வைத்தியனே. 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னை கோட்டை ரயில் நிலையம் எதிரே இருக்கிறது. ஜெபித்துவிட்டுப் புறப்படுங்கள். தம்பி வீட்டுக்கோ, இன்றைக்கே போங்கள்!

ஆமென். அல்லேலூயா!