தினமும் பேசுகிறோம், விஷயத்தைச் சொல்கிறோமா?



நண்பர்களே, போன கிருத்திகைக்கு பெசன்ட் நகர் அறுபடை வீடு கோயிலுக்குப் போயிருந்தேன். ஆறு சன்னதியும் சுற்றி முடித்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அங்கே அடிக்கடி பார்க்கிற ஒரு அங்கிள் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க ஐ.டி.லதானே இருக்கீங்க? பொண்ணு செப்டம்பர்ல அயர்லாந்து போறா, மாஸ்டர்ஸ் பண்ண. லோன் போட்டுத்தான் அனுப்புறோம். அதிக செலவில்லாம தினமும் பேச என்ன வழி?"

எனக்கு இது ஈஸியான கேள்வி. அங்கேயே நின்று சொன்னேன். வீட்டில் வைஃபை இருந்தால் வாட்ஸ்அப் காலுக்குத் தனிச் செலவு கிடையாது. வீடியோ திக்கினால் வாய்ஸுக்கு மாறுங்கள். நேரம் ஒத்துவராத நாளில் வாய்ஸ் நோட் அனுப்புங்கள், பஸ்ஸில் போகும்போது கேட்டுக்கொள்வாள். அவளுடைய இந்திய நம்பரை விட்டுவிடாதீர்கள், பேங்க் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும், ரீசார்ஜ் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரே ஆப்பை நம்பவும் வேண்டாம். எல்லாரும் பேசிக்கொண்டிருந்த ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டது. கூகுள் மீட்டும் போட்டுப் பழகுங்கள். போகிற நாடும் முக்கியம். சீனாவில் வாட்ஸ்அப்புக்கே தடை. அங்கே எல்லாரும் பயன்படுத்துகிற வீசாட்டை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. எமிரேட்ஸில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் போகாது. அயர்லாந்தில் இந்தத் தொல்லை இல்லை.

அங்கிள் எல்லாவற்றையும் போனில் டைப் பண்ணிக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினார். நான் பீச் பக்கம் நடந்தேன். பாதி பதில்தான் சொல்லியிருக்கிறோம் என்று உறுத்தியது. மீதிப் பாதியை எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*மீட்டர் ஓடிய காலம்*

எங்கள் பெரியப்பா 1990-களில் அமெரிக்காவில் எம்.எஸ். படித்தவர். பாட்டி மயிலாப்பூர் கச்சேரி ரோடு போஸ்ட் ஆபீஸில் ஏரோகிராம் வாங்கி, ஓரம் விடாமல் எழுதி அனுப்புவாராம். மாதம் ஒரு தடவை ஐ.எஸ்.டி. பூத். கண்ணாடிக் கதவுக்குள் சிவப்பு எண்களில் மீட்டர் ஓடும். பாட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவாராம். அதனால் எடுத்த எடுப்பில் விஷயம்தான். "அத்தைக்கு உடம்பு முடியல." "உனக்குப் பணம் போதுதா?" சுற்றி வளைத்துப் பேச அந்த மீட்டர் விடாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதே வருஷம் நவம்பரில் வாட்ஸ்அப் வீடியோ கால் வந்தது. மீட்டர் காணாமல் போனது. என் தங்கை 2024 அக்டோபரில் ஜெர்மனிக்குப் படிக்கப் போனபோது, செலவைப் பற்றி ஆயிரம் கவலை இருந்தது; பேசுகிற செலவைப் பற்றி ஒருவரும் யோசிக்கவே இல்லை. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால். அங்கே அப்போது மாலை நாலரை. "சாப்டியா? குளிருதா? பாண்டி பஜார்ல வாங்கின ஸ்வெட்டர் போட்டுக்கிட்டியா?" "நல்லா இருக்கேம்மா. நீங்க?" "நாங்க நல்லா இருக்கோம்." இருபது நிமிஷம் இப்படியே ஓடும்.

*நான் சொன்ன பொய்*

2025 தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். தங்கைக்கு அந்த வாரம்தான் முதல் செமஸ்டர் பரீட்சை ஆரம்பம். அம்மா சொன்னார்: "இப்ப சொன்னா ராத்திரியோட ராத்திரியா டிக்கெட் போட்டுடுவா. பரீட்சை முடியட்டும்பா."

எனக்கும் அது சரியென்றே பட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தங்கையிடம் நான் சொன்னது: "அப்பா பழனி போயிருக்கார். தைப்பூசக் கூட்டம், சிக்னல் கிடைக்கல."

முருகன் பெயரை வைத்தே பொய் சொன்னேன், நண்பர்களே. எழுதும்போது இப்பவும் கை கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவை சோபாவில் உட்காரவைத்து, நல்ல வெளிச்சம் பார்த்து, போனை நானே பிடித்துக்கொண்டேன். மணிக்கட்டில் போட்டிருந்த கட்டு கேமராவில் தெரியக்கூடாது. தங்கை கேட்டாள், "பழனி எப்படிப்பா இருந்துச்சு?" அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல தரிசனம்மா" என்றார்.

பரீட்சை முடிந்தது. அப்புறமும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் ஏன் அப்பவே சொல்லவில்லை என்று கேட்பாளே. ஒரு வாரம் ஒரு மாசமாகி, மாசம் இரண்டானது.

பங்குனிப் பெருவிழா வந்தது. கபாலி கோயில் அறுபத்துமூவர் அன்று அத்தை ஃபேமிலி குரூப்பில் போட்டார்: "அண்ணா, ஸ்டென்ட் வச்ச உடம்பு, மாட வீதிக் கூட்டத்துக்குள்ள போகாதே." ஒரு நிமிஷத்தில் டெலீட் பண்ணச் சொன்னேன். அதற்குள் இரண்டு நீல டிக் விழுந்திருந்தது.

தங்கை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. எனக்குக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாள்: "அண்ணா, மறைச்சதுக்குக் கூட கோவமில்ல. தினமும் அப்பா முகத்தைப் பார்த்துட்டுத்தானே இருந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியலையே. இனிமே அவர் நல்லா இருக்கேன்னு சொன்னா நான் எப்படி நம்புறது?"

கொஞ்சம் விட்டு, "எனக்கும் ரெண்டு பேப்பர் போச்சு. நானும் யார்கிட்டயும் சொல்லல. தனியா அழுதுட்டு, முகம் கழுவிட்டு வந்துதான் ஒன்பது மணி கால் எடுப்பேன்" என்றாள்.

என் வேலையை வைத்துச் சொன்னால் உங்களுக்குச் சட்டெனப் புரியும். சர்வர் நிலைமையைக் காட்டுகிற டாஷ்போர்டில் ஒரே ஒரு அலர்ட்டை மறைத்து எல்லாம் பச்சை என்று காட்டினால், கெட்டுப்போவது அந்த ஒரு அலர்ட் மட்டுமா? அன்றையிலிருந்து பச்சை விளக்குக்கே அர்த்தம் போய்விடும். இரண்டு மாசமாக எங்கள் வீட்டிலும் அவள் ரூமிலும் பச்சை விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது.

*நடுவில் நின்ற கை*

அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. காலேஜ் நாளில் படித்த ராமானுஜன் வாழ்க்கை வரலாறு ஞாபகம் வந்தது, ராபர்ட் கனிகல் எழுதியது. நம்ம ஊர்க்காரர் வெளிநாடு போய்ப் படித்த கதைதானே அதுவும்.

போர்ட் டிரஸ்ட் கிளார்க்காக இருந்த ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று மெட்ராஸில் 'நெவாசா' கப்பல் ஏறினார். லண்டன் போய்ச் சேர ஏப்ரல் 14 ஆனது. அடுத்த சில மாசத்தில் முதல் உலகப் போர். வீட்டுக்குக் கடிதம் ஒன்றுதான் வழி. ஆரம்பத்தில் நிறைய எழுதினார், வருஷம் போகப் போகக் குறைந்துவிட்டது. 1917-ல் உடம்பு கெட்டு மருத்துவ விடுதிகளில் கிடந்தார். வீட்டோடு கடிதப் போக்குவரத்தே இல்லை என்பது, கூடவே இருந்த ஹார்டிக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது.

கடலும் போரும் மட்டும் இதற்குக் காரணமில்லை. மனைவி ஜானகி எழுதியது அவருக்குப் போகாமலும், அவர் எழுதியது ஜானகிக்குக் கிடைக்காமலும் தாயார் கோமளத்தம்மாள் தடுத்துவிட்டார் என்று வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். 1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கியபோது ஜானகியைக் காணோமே என்றுதான் முதலில் கேட்டாராம். அடுத்த வருஷம் ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்தபோது அவருக்கு வயது 32.

கோமளத்தம்மாளை நான் வில்லி ஆக்கவில்லை. நாமகிரித் தாயாரின் உத்தரவு கனவில் கிடைத்ததாகச் சொல்லி, ஊர்ப் பேச்சையும் தாண்டி மகனைக் கடல் கடந்து அனுப்பியவர் அவர். பாசத்துக்குக் குறைவில்லை. எது யாருக்குத் தெரியலாம் என்று நடுவில் நின்று அவரே முடிவு பண்ணினார், அவ்வளவுதான். போனை மணிக்கட்டுக்கு மேலே பிடித்த என் கையும் அதையேதான் செய்தது.

*வள்ளுவர் அனுமதி கொடுத்தாரா?*

"நல்லதுக்காகப் பொய் சொல்லலாம்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே" என்று ஒரு ஃபிரெண்ட் ஆறுதல் சொன்னான். உண்மைதான், வாய்மை அதிகாரத்தில் அப்படி ஒரு குறள் உண்டு. ஆனால் குற்றமே இல்லாத நன்மை கிடைத்தால் மட்டுமே என்று ஒரு கண்டிஷன் போட்டுத்தான் சொல்கிறார்.

அந்தக் கண்டிஷனில் என்னை வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் மறைத்ததில் அவளுக்கு ஏதோ நன்மை இருந்திருக்கலாம். அடுத்த இரண்டு மாசம்? அது முழுக்க என் வசதிக்கு. அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அவள் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? கடைசியாக அப்பா தன்னிடம் சொன்னது "நல்ல தரிசனம்மா" என்கிற பொய் என்று அவள் வாழ்நாள் முழுக்கச் சுமந்திருப்பாள். அந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்ற எனக்கு யார் உரிமை கொடுத்தது?

நம்ம முருகன் கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. கோபித்துக்கொண்டு பழனி மலைக்குப் போன பிள்ளையிடம், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அம்மையப்பன் ஆள் அனுப்பிச் சொல்லவில்லை. தாங்களே தேடி வந்தார்கள். சுவாமிமலையில் பிரணவத்தின் பொருளைப் பிள்ளை சொல்ல, உலகுக்கே அப்பன் சீடனாக நின்று கேட்டார். சின்னப் பையனுக்கு இது தாங்காது என்று சிவன் நினைக்கவில்லை. பிள்ளை தாங்குவான், அவனுக்குச் சொல்லவும் விஷயம் இருக்கிறது என்று நம்பினார்.

*இப்போது என்ன செய்கிறோம்*

தினசரி கால் நின்றுவிட்டது. தங்கைதான் கேட்டுக்கொண்டாள். வாரத்தில் இரண்டு நாள் பேசுகிறோம், மற்ற நாள் வாய்ஸ் நோட். உடம்பு, பணம், படிப்பு இந்த மூன்றில் எது நடந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். சொல்கிற முறை நம் கையில் இருக்கிறது: "அப்பாவுக்கு இப்படி ஆச்சு, இப்போ நிலைமை இது, டாக்டர் இப்படிச் சொல்றார், நீ வரணுமா வேண்டாமான்னு சேர்ந்து யோசிப்போம்." பரீட்சைக்கு முந்தின நாளாக இருந்தால் என்ன செய்வது என்று அவளிடமே கேட்டோம். "அப்பவும் சொல்லுங்க. எழுதறதா வேண்டாமான்னு நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

முதல் தடவை அவள் போன பேப்பரைப் பற்றி அப்பாவிடம் சொன்னபோது அப்பா அறிவுரை எதுவும் சொல்லாமல் கடைசி வரை கேட்டார். அப்புறம், "நானும் பி.யு.சி.ல மேத்ஸ்ல ஃபெயில்மா" என்றார். எனக்கே அது அன்றுதான் தெரியும்.

அடுத்த கிருத்திகைக்கு அந்த அங்கிளைப் பார்த்தால் மீதிப் பாதியையும் சொல்லப்போகிறேன். பொண்ணு ஏர்போர்ட் போவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசி, எதை எல்லாம் மறைக்க மாட்டோம் என்று ஒருத்தருக்கொருத்தர் வாக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள் அங்கிள். இதற்கும் செலவு கிடையாது.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, முகம் கழுவிவிட்டு வந்து கால் எடுக்கிறவராக இருந்தால், இன்றைக்கு ஒரு நாள் கழுவாமல் எடுத்துப் பாருங்கள்.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்.