திறவுகோல் வரவில்லை

1812ஆம் ஆண்டு நெப்போலியனின் பெரும்படை ரஷ்யாவில் அழிந்ததற்குப் பனியே காரணம் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். அதை முதலில் பரப்பியவர் நெப்போலியனே. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான அவரது 29ஆம் போர் அறிக்கை பழியைக் குளிரின்மீது சுமத்திற்று. இயற்கையிடம் தோற்றதாகச் சொல்பவன் தன் மனச்சான்றுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

கணக்கோ வேறு கதை கூறுகிறது. மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல் வரைந்த புகழ்பெற்ற வரைபடத்தின்படி, நீமென் ஆற்றைக் கடந்தோர் 4,22,000 பேர். மாஸ்கோவை எட்டியோர் 1,00,000 பேர். வழியில் பிரித்தனுப்பப்பட்ட படைகளைக் கழித்தாலும், இழப்பின் பெரும்பகுதி பனிக்கு முந்தியதே. கோடை வெயில், கெட்ட நீர், டைபஸ் காய்ச்சல், பின்வாங்கியோர் எரித்துச் சென்ற களஞ்சியங்கள், பொரொதினோவில் நடந்த பெரும்போர். பச்சைப் பயிரைத் தின்ற குதிரைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. குதிரை விழுந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் ரொட்டி வராது.

ஆயினும் பசியினும் ஆழமான பிழை ஒன்றுண்டு. செப்டம்பர் 14 அன்று மாஸ்கோவுக்கு வெளியே, பொக்லோன்னயா குன்றின்மேல், நகரப் பெருமக்கள் வந்து பணிவார்கள் என நெப்போலியன் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. வியன்னாவும் பெர்லினும் வீழ்ந்தபின் அந்நாட்டு மன்னர்கள் ஈற்றில் உடன்படிக்கைக்கு இணங்கியிருந்தனர். இங்கோ ஐந்து வாரம் காத்திருந்தும் பேரரசர் அலெக்சாந்தர் அவருடைய மடல்களுக்கு மறுமொழி தரவில்லை. ஊரைப் பிடிக்கப் பீரங்கி போதும். போரை முடிக்கவோ தோற்றவனின் ஒப்புதல் தேவை. அவ்வொப்புதல் கிட்டாது என்று, ரஷ்யாவில் தூதராயிருந்த கொலங்கூர் முன்னரே எச்சரித்திருந்தார்.

அம்மறுப்பைப் புனிதம் என்று போற்றலாமா? எனக்குத் தயக்கமே மிகுகிறது. மாஸ்கோவின் ஆளுநர் ரொஸ்தொப்சின் தீயணைக்கும் கருவிகளை அகற்றச் செய்தார். நகரில் விடப்பட்ட காயமுற்ற ரஷ்ய வீரர் பலர் அந்நெருப்பிலேயே மாண்டனர். மறுத்தவர் பேரரசர், விலை கொடுத்தோரில் பெரும்பாலோர் பண்ணையடிமைகளான உழவர்கள். 1814இல் பேரரசர் வெளியிட்ட அறிக்கையில் உயர்குடியினர், வீரர் ஆகியோருக்கு நன்றியும் சலுகைகளும் இருந்தன. உழவருக்கோ, அவர்களுக்குரிய வெகுமதியை இறைவன் அளிப்பார் என்ற ஒரு வரி. தான் தர வேண்டியதை இறைவன் கணக்கில் எழுதிவிடுவது ஆள்வோருக்கு எளிது. அவ்வுழவர்க்கு விடுதலை 1861இல்தான் கிடைத்தது.