டூப்

தமிழில் 'டூப்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள். டூப் விடுவது என்றால் பொய் சொல்வது. டூப் போடுவது என்றால் கதாநாயகனுக்குப் பதிலாக இன்னொருவன் குதிப்பது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டதில் ஒரு தார்மீகக் குழப்பம் இருப்பதாகவே படுகிறது. மாடியிலிருந்து விழுந்து முழங்கை பெயர்பவன் டூப். விழாமல் போஸ்டரில் நிற்பவன் நிஜம்.

சாகசப் படமும் வேடிக்கைத் திடலும் நம்மிடையே நெடுநாள் உறவினர்கள். 1948 ஏப்ரலில் வெளியான 'சந்திரலேகா'வுக்காக எஸ்.எஸ். வாசன் நிஜ சர்க்கஸ் கம்பெனிகளையே படத்துக்குள் கொண்டுவந்தார். விளம்பரத்தையும் ஒரு திருவிழாவாக நடத்தினார். அந்த ஸ்டூடியோ இன்று இல்லை. 1973இல் திறந்த அண்ணா மேம்பாலத்தை மட்டும் ஊர் இன்னும் ஜெமினி என்கிறது. 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், பின்னர் தாம்பரத்துக்கருகே கிஷ்கிந்தா பூங்காவை நிறுவினார். பூந்தமல்லிக்கு அப்பால் ஈ.வி.பி. எதிர்த்திசையில் போயிற்று. அங்கே பூங்கா, படப்பிடிப்புத் தளமாக மாறியது.

கோடை விடுமுறையில் மயிலாப்பூரிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் கிளம்பும் குடும்பங்களுக்கு இத்தகைய இடங்கள் விற்பது என்ன? விளம்பரம் ஒரே மூச்சில் இரண்டைச் சொல்லியாக வேண்டும்: உயிர் நடுங்கும், ஒன்றும் ஆகாது. ஆனால் திரும்பி வருவோமா என்பது தெரியாமல் புறப்படுவதுதான் சாகசம். திரும்புவது டிக்கெட்டிலேயே உறுதியாகிவிட்டால் எஞ்சுவது உடம்பின் நடுக்கம் மட்டுமே.

கலையே அப்படித்தானே என்று கேட்கலாம். தொல்காப்பியம் அச்சத்தை மெய்ப்பாடுகள் எட்டில் ஒன்றாக வைக்கிறது. வடமொழி மரபில் அது பயானக ரசம். ஆபத்து நமக்கில்லை என்பதால்தான் அச்சம் சுவையாகிறது. உண்மைதான். ஆனால் தெருக்கூத்தில் துரியோதனன் செத்தால், ஆடியவர் விடிந்ததும் வேஷம் கலைத்து வீட்டுக்குப் போகிறார். அங்கே மரணம் முழுக்கப் பாவனை. ராட்டினத்திலும் படப்பிடிப்பிலும் பயம் மட்டுமே பாவனை. இரும்பு பாவனை அல்ல, அதற்கு எடை உண்டு.

2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் புதிய ராட்டினம் ஒன்றின் சோதனை ஓட்டத்தில் விபத்து நேர்ந்து ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். ஏறியிருந்தவர்கள் அங்கே வேலை செய்தவர்கள். வாடிக்கையாளர் ஏறுமுன் அவர்கள் ஏறினார்கள். 2020 பிப்ரவரி 19 அன்று ஈ.வி.பி. தளத்தில் 'இந்தியன் 2' படத்துக்காக நிறுத்தியிருந்த கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தனர். ஒருவர் உதவி இயக்குநர். மற்றவர்களும் திரையில் வராதவர்களே. அதே இடம் பூங்காவாக இருந்தபோது, 2012இல், ராட்டினத்தில் ஏறிய இளம்பெண் ஒருவர் இறந்ததும் உண்டு. உத்தரவாதம் சில சமயம் நமக்கும் பொய்க்கிறது. ஆனால் அது நமக்கு விதிவிலக்கு, அவர்களுக்குத் தொழில். அபாயம் ஒழியவில்லை, கை மாறியிருக்கிறது.

ஆகவே படம் பார்க்காதே, ராட்டினத்தில் ஏறாதே என்பது போலித் துறவு. அந்த டிக்கெட்டில்தான் அவர்களுடைய சோறும் இருக்கிறது. பிரச்னை, தைரியம் என்ற மதிப்பை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பது. போஸ்டரில் நிற்பவரின் தைரியத்தை நம்பி ஆட்சியையே ஒப்படைத்துப் பழகிய ஊர் இது. பிம்பத்துக்கு இவ்வளவு கொடுத்த நாம், அதன் பின்னால் விழுந்தவனுக்கு ஒரு வசைச் சொல்லையே கொடுத்திருக்கிறோம். அசோகமித்திரன் 'கரைந்த நிழல்க'ளில் நாயகர்களை ஒதுக்கிவிட்டு, புரொடக்ஷன் ஆட்களின் அலைச்சலையும் வறுமையையும் எழுதினார். அந்தத் திசையில் தமிழ் அதிகம் நடக்கவில்லை.

நஷ்டஈட்டுத் தொகையைச் சட்டம் நிர்ணயித்துக்கொள்ளட்டும். சொற்களைப் பாதுகாக்க வேண்டியவர்கள் எழுதுபவர்கள். நிஜமாக விழுந்தவனைப் பொய் என்று அழைக்கும் மொழியில் தைரியத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் அது பாதிதான் உண்மையாக இருக்கும்.