கடனில் மூழ்கிய வீடும் வாங்குபவர் மனசாட்சியும்

பிறருடைய துன்பத்தில் நமக்கு இலாபம் வரலாமா? வீடு வாங்கி விற்கும் தொழிலில் புதிதாக இறங்கியுள்ள நம் இளைஞர்கள் சிலர் கேட்கும் கேள்வி இது. கடனைக் கட்ட முடியாதவரின் வீடு ஏலத்துக்கு வருகிறது. அல்லது ஏலத்துக்கு முன் அவரே அவசரமாக விற்க முன்வருகிறார். அதைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சீர்செய்து கூடுதல் விலைக்கு விற்பது ஹலாலா என்று கேட்கிறார்கள். கேட்கிறார்கள் என்பதே மகிழ்ச்சிக்குரியது. கேட்காமலே வாங்குவோர்தாம் அநேகர்!

வாங்கி விற்பதை மார்க்கம் ஆகுமாக்கியுள்ளது. ஏலமும் ஆகுமானதே. வறுமையோடு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஏலத்தில் விற்றுக் கொடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. அதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னதும் கொடுத்துவிடவில்லை. கூடுதலாகத் தருபவர் உண்டா என்று கேட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். அது ஏழையின் நன்மைக்காக நடந்த ஏலம்.

இன்றைய வங்கி ஏலத்துக்கு வருவோம். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, தவணை நின்றுபோன கடனுக்கு வங்கி முதலில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பும். பிறகு வீட்டைத் தன் வசப்படுத்தி, முதல் ஏலத்துக்கு 30 நாள் அறிவிப்பு கொடுக்கும். ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ செலுத்த வேண்டும். மீதியைப் பொதுவாக 15 நாட்களில் கட்ட வேண்டும். கடனும் செலவும் போக மிஞ்சும் தொகை வீட்டுக்காரருக்குச் சேரும்.

இந்தக் கடைசி விதியில்தான் நம் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. நேர்மையானவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டால் வீட்டுக்காரருக்கு நன்மையா? இல்லை. கேட்பவர் குறைந்தால் விலை விழும்; அவருக்கு மிஞ்சுவதும் கரையும். ஆகவே நியாயமான விலை கேட்பவர் அவருக்குத் தீங்கு செய்தவராக மாட்டார். ஆனால் ஏலம் கேட்க வந்தவர்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் கேட்க மற்றவர்கள் வாய்மூடி இருந்து, பிறகு இலாபத்தைப் பங்கிடுகிறார்களே, அது கடனாளியின் மிச்சத்தைக் களவாடுவதாகும். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதும் நபிகளார் தடுத்த செயலே. இனி, ஏலம் எடுத்துவிட்டு 15 நாளில் கட்ட வேண்டுமே என்று வட்டிக்கு வாங்கினால், அந்த வீட்டை வீழ்த்திய அதே குழியில் நாமும் இறங்கியவர்களாவோம்.

ஏலத்துக்கு முன் வீட்டுக்காரரே நம்மிடம் வந்தால்? இங்கேதான் சோதனை கடுமை. நிர்ப்பந்தத்தில் சிக்கியவரின் விற்பனையைத் தடுக்கும் அறிவிப்பு ஒன்று அபூதாவூதில் உண்டு. அதன் தொடர் பலவீனமானது. அதை விளக்கிய இமாம் கத்தாபி (ரஹ்) அவர்கள், பலவந்தம் செய்து விற்க வைத்தால் அந்த வியாபாரம் செல்லாது என்றும், கடன் நெருக்கடியால் ஒருவர் தாமே விற்றால் செல்லும் என்றும் பிரித்துக் காட்டினார்கள். ஆயினும் அத்தகையவருக்குக் கடனோ அவகாசமோ உதவியோ அளிப்பதே மேலான பண்பு என்றார்கள். ஆகச் சட்டம் வேறு, சிறப்பு வேறு.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களுடைய பணியாள் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை பேசி வந்தார். ஜரீர் அவர்களோ குதிரைக்காரரிடம், இது அதைவிட மதிப்புள்ளது என்று சொல்லிச் சொல்லி 800 திர்ஹம் வரை உயர்த்திக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபிகளாரிடம் அவர்கள் பைஅத் செய்திருந்தார்கள். நம்மால் அந்த அளவு முடியாது போகலாம். சந்தை விலை இன்னது என்று விற்பவருக்குச் சொல்லிவிட்டாவது பேரம் பேசலாம் அல்லவா? அறிந்து குறைத்துக் கொடுப்பது அவர் சம்மதம். அவருடைய அறியாமையைப் பயன்படுத்திக்கொள்வது வஞ்சனை.

இனி மறு விற்பனை. சுவரின் ஓதம் தெரியாமல் வர்ணம் பூசுவது, வழக்கையும் வில்லங்கத்தையும் மறைப்பது, குடியிருப்பவர் காலி செய்ய மறுப்பதைச் சொல்லாமல் விடுவது ஆகியவை வாங்குபவருக்குச் செய்யும் மோசடி. வங்கி 'உள்ளது உள்ளபடி' என்று விற்றது, நமக்கும் மறைக்க அனுமதி தந்ததாகாது. கைவசம் வருமுன்னரே மற்றவருக்கு விற்கலாமா? ஷாபிஈ மத்ஹபில் கூடாது. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள். ஆனால் கிரயமே ஆகாமல், வெறும் அக்ரிமெண்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை விற்பவர், தமக்குச் சொந்தமில்லாததையே விற்கிறார். விற்பதற்காக வாங்கிய வீடு வியாபாரச் சரக்கு; நிஸாபை எட்டி ஆண்டு நிறைந்தால் அன்றைய மதிப்பில் இரண்டரை சதவீதம் ஜகாத் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சிரமத்திலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தரவும், தள்ளுபடி செய்வது அதனினும் மேல் என்றும் திருமறையின் அல்பகறா அத்தியாயம் போதிக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுக் கடனையும் கட்டினால்தான் வீட்டை மீட்கும் உரிமை உண்டு. 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அப்படியானால் நம் சகோதரருக்கு அந்த 60 நாட்கள் எத்தனை அருமையானவை! அந்நாட்களில் உறவினரும் ஜமாஅத்தும் அழகிய கடன் கொடுத்திருந்தால் எத்தனையோ வீடுகள் ஏலத்துக்கே வந்திரா. ஏலத்தன்று மட்டும் நாம் கூடுவது என்ன நியாயம்?

அடுத்தவர் கண்ணீரில் நனையாத இலாபத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.