பிஸ்கட்டா, கேக்கா?

பிரிட்டனில் கேக்குக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு முழு வரி. 1927 முதல் விற்கும் ஜாஃபா கேக் இவ்விரண்டில் எது என்ற வழக்கு 1991-இல் வரித் தீர்ப்பாயத்துக்கு வந்தது. அடியில் ஸ்பாஞ்ச், நடுவில் ஆரஞ்சு ஜெல்லி, மேலே சாக்லேட் கொண்ட சிறு வட்டம் அது. அளவு பிஸ்கட்டுடையது. கடையில் பிஸ்கட் வரிசையில் இருக்கிறது, கையால் எடுத்துத் தின்னப்படுகிறது. ஆனால் அதன் மாவு முட்டை சேர்த்த கேக் மாவு. நாள்பட்டால் பிஸ்கட் ஈரத்தை உறிஞ்சி நமுத்துப்போகும். ஜாஃபா கேக்கோ ஈரம் இழந்து கெட்டிப்படும். இருபக்கச் சான்றுகளையும் எடைபோட்டு, அது கேக்தான் என்று தீர்ப்பானது.

இதற்குள் பழைய தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது: வகைகள் பொருள்களிலேயே உள்ளனவா, மனிதர் வகுப்பவையா? ஒவ்வொன்றுக்கும் அதை அதுவாக்கும் சாரம் உண்டு என்பது அரிஸ்டாட்டிலின் மரபு. நாம் பெயரிட்டுப் பிரிக்கும் வகைகள் மனம் தொகுத்தவை என்றார் ஜான் லாக். விளையாட்டுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே பண்பு கிடையாது, குடும்பச் சாயல் போன்ற ஒப்புமைகளே உண்டு என்றார் விட்கென்ஸ்டைன். தீர்ப்பாயத்தின் முறை இவருக்கே நெருக்கமானது. எந்த ஒரு பண்பையும் அது இறுதி அளவுகோலாக்கவில்லை.

எல்லையை மனிதர் வகுப்பதால் அது தான்தோன்றித்தனமாகிவிடாது. நமுத்துப்போவது யாருடைய விருப்பத்தையும் கேட்டு நடப்பதில்லை. எந்தப் பண்புக்கு எவ்வளவு எடை என்பதைக் கேள்வியின் நோக்கம் தீர்மானிக்கிறது. வரிக்குக் கேக்காக இருப்பதைக் கடைக்காரர் பிஸ்கட்டோடு அடுக்குவதில் முரண்பாடு எதுவும் இல்லை.